நொட்டாங்கைக் கிட்டார்

பிப்ரவரி 4

நொட்டாங்கைக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அப்புறம் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருப்போம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைக் கசக்கி எறிந்தாலும் மறுபடி எடுத்துப் பிரித்துப் பார்க்கிற ஆள் நீ.

நேற்று உங்கள் ஊர் மாலை வகுப்பு டீச்சர் பட்டறைக்கு வந்தார். வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுப்பவர். வகுப்புக்கு வேண்டிய கிட்டார்களை என்னிடம்தான் சொல்லியிருந்தார். மரம் எடுத்து, பக்கப் பலகைகளைச் சூடு காட்டி வளைத்து, அச்சில் மாட்டி வைத்திருக்கிறேன். வந்த மனுஷி உட்காரவில்லை. டீயும் வேண்டாம் என்றார். பையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றிக்கொண்டே, "தப்பா நினைச்சுக்காதீங்க, வேற இடத்துல வாங்கிக்கலாம்னு இருக்கோம்" என்றார். ஏன் என்று கேட்டேன். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க தம்பியே சொல்றாராமே, அக்கா செஞ்ச கிட்டார் செத்துப்போச்சுன்னு. அவரோட இசைக்குழுத் தலைவர்தான் சொன்னாரு."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். என் பட்டறைக்கு வெளியே பெயர்ப்பலகைகூட ஒழுங்காகக் கிடையாது. நீ அந்தக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்வதுதான் எனக்குப் பெயர்ப்பலகை. அதில் கரியைப் பூசிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறாய். உன் மாமா, என்னைக் கட்டிக்கொண்ட புண்ணியவான், "போன் பண்ணிக் கேளேன், இதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிறே" என்கிறார். அவருக்கு என்ன, அவர் செய்ததையா செத்துப்போச்சு என்றாய்.

கிட்டாரில் குறை இருந்தால் முதலில் எனக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும். என்ன குறை என்று ஒன்று விடாமல் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. உறையைத் தொட்டபோதே சுட்டது.

என்னவோ நான் ஊர் ஊராகத் தண்டோரா போட்ட மாதிரி எழுதியிருக்கிறாய். தலைவர் கேட்டார், உள்ளதைச் சொன்னேன். அவர் அதை யார் யாரிடம் சொன்னார் என்பதற்கெல்லாம் நான் பொறுப்பாக முடியாது. நீ செய்தாய் என்பதற்காக ஓட்டைப் பானையை நல்ல பானை என்று நான் சொல்ல வேண்டுமா?

ஒன்று விடாமல் கேட்டாயே, இந்தா. கழுத்தில் மேலே போகப்போக, தடித்த தந்திகள் சுருதி ஏறிவிடுகின்றன. மெல்லிய தந்திகள் இறங்கிவிடுகின்றன. இரண்டையும் சேர்த்து மீட்டினால் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போடுவது போல் இருக்கிறது. விரல் வைக்காமல் வெறுமனே மீட்டினால் மெல்லிய தந்திகள் கரகரவென்று அதிர்கின்றன. அடித்தொண்டை நாதம் இருந்ததே, அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

போன மாதம் நடந்த கச்சேரியில் எனக்குத் தனியாக ஒரு பகுதி. அரங்கத்தில் யாரோ இருமுவதுகூடக் கேட்கும், அவ்வளவு அமைதி. நான் ஆரம்பித்ததும் புல்லாங்குழல்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் வாசித்தவர், அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை நீ வாங்கியிருந்தால் தெரியும். பிழைப்பு எனக்கும்தான் அக்கா. தலைவருக்கு என்மேல் நம்பிக்கை போனால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான்.

மரம் ஈரம் குடித்துவிட்டதோ என்னவோ. இல்லை, பசையில் சிக்கனம் பிடித்தாயோ.

உன் தம்பி

*

பிப்ரவரி 16

நொட்டாங்கைக்கு,

பசையில் சிக்கனமா. இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.

கேட்டுக்கொள். மரம் ஈரம் குடித்தால் எல்லாத் தந்தியும் சேர்ந்து ஏறும். காய்ந்துபோனால் எல்லாம் சேர்ந்து இறங்கும். பாதி ஏறி, பாதி இறங்குவது மரத்தின் வேலை இல்லை, மனுஷனின் வேலை. தந்திகள் கீழே பிரிட்ஜ் கட்டையில் ஏறி உட்கார்கிற அந்த எலும்புத் துண்டை நான் சாய்வாக வைத்திருக்கிறேன். தடித்த தந்திக்கு நீளம் ஒரு இழை கூடுதலாக வேண்டும், மெல்லியதற்குக் குறைவாகப் போதும். தடித்ததைக் குட்டையான பக்கத்திலும் மெல்லியதை நீளமான பக்கத்திலும் கட்டினால், நீ எழுதியது அத்தனையும் அப்படியே நடக்கும். கழுத்து உச்சியில் இருக்கிற எலும்பில், தடித்த தந்திக்கு வெட்டிய காடிப் பள்ளத்தில் மெல்லிய தந்தியைப் போட்டால் ஆடாமல் என்ன செய்யும், அதுதான் கரகரப்பு.

ஆக, உன் கிட்டாரில் தந்திகளை யாரோ திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். ஊரெல்லாம் இடது கையால் கழுத்தைப் பிடித்து வலது கையால் மீட்டும். நீ நேர்மாறு. உனக்காகவே வெளியிலும் உள்ளேயும் கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி மாற்றிச் செய்த கிட்டார் அது. அதைக் கொண்டுபோய் எந்தச் சோத்தாங்கைக்காரனிடமோ கொடுத்திருக்கிறாய். அவன் இஷ்டத்துக்குத் திருப்பிக் கட்டி வாசித்துக் கெடுத்திருக்கிறான். பழி எனக்கு.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதே தவறை முதலில் செய்தவள் நான். மறந்துவிட்டதா? பீச்சாங்கையால் வாசிக்கிறவனுக்கு என் வகுப்பில் இடமில்லை என்று அந்த வாத்தியார் உன் இடது மணிக்கட்டை நாற்காலிக் கையோடு கைக்குட்டையால் கட்டிவைத்தாரே. உன்னைக் கூட்டிப்போக வந்தவள் நேரே உள்ளே போய் அவருக்கும் உனக்கும் நடுவில் நின்றேன். "தம்பி கையை அவுத்து விடுங்க சார்" என்றேன். "வெளிய போய் நில்லு" என்றார். நான் நகரவில்லை. அவர் அவிழ்க்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து நம் பழைய கிட்டாரில் உனக்காகத் தந்திகளைத் திருப்பிக் கட்டினேன். நீ சொல்கிற அதே கண்றாவிச் சத்தம். பிரிட்ஜைத் திருப்பி வைத்தால் சரியாகும் என்று அப்பாவின் ரம்பத்தை எடுத்து அறுத்தேன், பலகையே பிளந்துபோயிற்று. அப்பாவிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அங்கே ஆரம்பித்ததுதானே இந்தப் பட்டறை.

அப்படிப்பட்ட பொருளை எவனுக்குடா கொடுத்தாய்? கிட்டாரை உடனே பார்சலில் அனுப்பு.

அக்கா

*

பிப்ரவரி 24

அக்கா,

யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டில் உள்ளவர்கள்கூட என்னைக் கேட்காமல் அதைத் தொடுவதில்லை.

பெட்டியில் நன்றாகத் துணி வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். தந்தி எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீயே கண்ணால் பார்த்துக்கொள். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்ப்பு எழுதுகிற வேலையை விட்டுவிடு.

தம்பி

*

மார்ச் 3

தம்பி,

பார்த்தேன். கண்ணாலும் பார்த்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்த்தேன்.

தந்திகள் எல்லாம் இடதுகைக்காரனுக்கு உரிய பக்கத்தில் சமர்த்தாக இருக்கின்றன. புத்தம் புதுத் தந்திகள், ஒரு விரல் கறைகூட இல்லை. அனுப்புவதற்காகவே அவசரமாக மாற்றிக் கட்டியிருக்கிறாய். யாருக்குக் காது குத்துகிறாய்? மெல்லிய தந்திக்கு நான் வெட்டிய காடிகளை யாரோ அரத்தால் ராவி அகலப்படுத்தியிருக்கிறார்கள். ராவியவனுக்குப் பொறுமையும் இல்லை, நல்ல அரமும் இல்லை. நகக் கீறல் பலகை நடுவில் உள்ள துளையின் இந்தப் பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது.

எவன் அவன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தேன். பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் தாளம் காட்ட விரல் முட்டியால் பலகையைத் தட்டுவாயே, தட்டாதே தட்டாதே என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். அந்த இடத்தில் பாலிஷ் போய் மரம் வெளுத்திருப்பது எனக்குத் தெரியும். இப்போது அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் புதிதாக ஒரு வெளுப்பு. கிட்டாரைக் கதவு மாதிரி தட்டுகிற பிறவி இந்த உலகத்தில் நீ ஒருவன்தான்.

யாருக்கும் கொடுக்கவில்லை என்று எழுதினாய். உண்மைதான். திருப்பிக் கட்டி வாசித்தது நீயே.

எத்தனை வருஷமாகத் தந்திமேல் பழகிய வலது கையை விட்டுவிட்டு ஒருவன் சும்மா பொழுதுபோகாமல் மாற்றிப் பிடிக்க மாட்டான். உன் வலது கைக்கு என்ன ஆயிற்று? மழுப்பாமல் எழுது. இன்றைக்குப் பட்டறையைத் திறக்கவில்லை. கோபத்தில்தான் என்று உன் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 12

அக்கா,

சரி. தெரிந்துகொண்டாயல்லவா, திருப்தியா.

போன மழைக்காலத்தில் ஒரு கச்சேரி முடிந்து வேனில் சாமான் ஏற்றும்போது இரும்புப் பெட்டியின் மூடி வலது கைமேல் விழுந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. டாக்டர் நாசூக்காகப் பேசிப் பார்த்தார். "மத்த வேலைக்கெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இருக்காது" என்றார். மற்ற வேலை என்ன இருக்கிறது எனக்கு? கழுத்தைப் பிடிக்க நாலு விரலும் வேண்டும். மீட்டுவதற்குக் கட்டை விரலும் இரண்டு விரலும் போதும். அதனால் கையை மாற்றினேன். எனக்குக் காய்ச்சல் என்று நீ போன் செய்தபோது சொன்னாளே உன் தம்பி பெண்டாட்டி, அந்தக் காய்ச்சல் இதுதான். அவளைத் திட்டாதே, நான்தான் சொல்லச் சொன்னேன்.

மேடையில் என் கிட்டார்க் கழுத்து பக்கத்தில் இருப்பவர்மேல் இடிக்கிறது என்று தலைவர் ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். "உங்களுக்காக மாத்திப் பிடிக்கிறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். மனுஷர் குளிர்ந்துபோனார். மடங்காத விரல்களைப் பலகைமேல் ஊன்றிக்கொண்டேன், பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பாணி. சத்தம் சரியில்லை என்று அவர் கேட்டபோது என் வாயில் வந்தது கிட்டார். விரல் என்று சொல்லியிருந்தால் மறுநாளே வேறு ஆள் வந்திருப்பான்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று அடுத்து கேட்பாய். எப்படிச் சொல்வேன்? வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வாத்தியார் கதையைச் சொல்வாய், கைக்குட்டையைச் சொல்வாய், ரம்பத்தைச் சொல்வாய். உன் கதையில் நான் இடதுகைக்காரன். போன கடிதத்தில்கூட விட்டாயா? நாற்பது தாண்டிய பிறகு அதே வாத்தியார் சொன்ன பக்கம் பிடித்துக்கொண்டு, அதே பால பாடத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறேன். கடைசியில் அந்த ஆள் ஜெயித்துவிட்டார் என்று உனக்குக் கடிதம் எழுத வேண்டுமா? எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட எரிச்சலாக இருந்தது, உன்மேலும்தான்.

அந்த எலும்பை மறுபக்கம் சாய்த்து வைத்து, காடிகளைப் புதிதாக வெட்டிக் கொடு. சத்தம் சரியானால் அக்கா ரிப்பேர் செய்துவிட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன். உன் பெயரும் தப்பும், என் நாற்காலியும் தப்பும்.

தம்பி

*

மார்ச் 18

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

விரல் போனது எனக்குத் தெரியவேண்டாமா? கூடப் பிறந்தவள் எதற்கு இருக்கிறேன், கிட்டார் செய்து கொடுக்க மட்டுமா? வாத்தியார் ஜெயித்தாராம். அவர் உன் கையைப் பிடித்துத் திருப்பினார், அதற்குத்தான் நான் போய் நின்றேன். நீயே உன் கையைத் திருப்பிக்கொண்டால் எனக்கு என்ன வழக்கு? காலால் வாசிக்கிறேன் என்றிருந்தாலும் அதற்குத் தகுந்த மாதிரி ஒன்று செய்து கொடுத்திருப்பேன். அந்தக் கதையை நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வது உனக்கு இவ்வளவு பாரமாக இருக்கும் என்று தெரியாது. இனிமேல் சொல்லவில்லை, போதுமா.

எலும்பைத் திருப்பி வைக்க ஒரு மத்தியானம் போதும். செய்ய மாட்டேன். பலகைக்கு உள்ளே ஒட்டியிருக்கிற மரச்சட்டங்கள் எல்லாம் இடது கை வரிசையில் இருக்கின்றன. வெளியே மாற்றினாலும் அது பாதித் தொண்டையில்தான் பேசும். உனக்குப் புதிதாக வலது கைக் கிட்டார் செய்கிறேன். இடது கையைக் காகிதத்தில் வைத்து, விரல்களை நன்றாக விரித்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. கழுத்து எவ்வளவு அகலம் வைக்கலாம் என்று பார்க்க வேண்டும்.

ரிப்பேர் செய்தாள் என்று சொல்லிவிடுகிறாயாம். ரிப்பேர் செய்ய அதில் என்ன கெட்டது? கெடாத பொருளைக் கெட்டது என்றாய். கெடவில்லை என்று நீயே சொல்ல வேண்டும். தலைவரிடமும் சொல்ல வேண்டும், டீச்சரிடமும் சொல்ல வேண்டும். நாற்காலி போய்விடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன். உன் நாற்காலிக்கு என் பட்டறையை முட்டாகக் கொடுக்காதே.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

தலைவரிடம் கையை நீட்டிக் காட்டினேன். முதலில் வருத்தப்பட்டார். டீ வரவழைத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் "ஒரு பையன் இருக்கான், தற்காலிகமாத்தான்" என்றார். அந்தத் தற்காலிகம் எவ்வளவு நீளம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். புல்லாங்குழல்காரர் வாசல் வரை வந்தார். "இதைச் சொல்லித் தொலைச்சிருந்தா நான் உன்னை அப்படிப் பார்த்திருப்பேனா" என்று என்னைத்தான் திட்டினார். எல்லாருக்கும் என்னைத் திட்ட ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அப்புறம் மாலை வகுப்புக்குப் போனேன். டீச்சரிடம் தனியாகச் சொல்லலாம் என்று போனால், வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லார் முன்னாலும் சொன்னேன். "கிட்டார் சாகலைங்க, என் விரல்தான்" என்றேன். டீச்சர் கையிலிருந்த கிட்டாரைக் கீழே வைத்தார். உன்னிடம் மறுபடி வந்து கிட்டார்களை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். உனக்கும் எழுதுவார்.

கொஞ்சநேரம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அந்தப் பாடம்தானே இப்போது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த ஒரு நர்ஸ், யூனிபார்ம்கூட மாற்றவில்லை, கிட்டாரை வலது கையில் கழுத்து வரும்படி பிடித்திருந்தாள். டீச்சர் பாடத்தை நிறுத்தாமலே போய் அவள் மடியில் அதைத் திருப்பி வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் அவள் மறுபடி பழையபடி பிடித்தாள். அவர் மறுபடி வந்து திருப்பினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு என் நிலைமையில் யாருக்கு என்ன சொல்வது.

கையின் படம் உள்ளே இருக்கிறது. கோடு கோணலாக இருந்தால் சிரிக்காதே. மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு வலது கையால் வரைந்தது.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். கோபம் தீர்ந்ததா என்று ஒரு வரி எழுது.

உன் தம்பி

*

ஏப்ரல் 9

நொட்டாங்கைக்கு,

தீர்ந்திருந்தது. உன் கடிதத்தைப் பாதி படிக்கிற வரைக்கும்.

முதலில் கிட்டார் சமாசாரம். உன் கையின் படத்தைப் பட்டறை மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டிவைத்தேன். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மேல்பலகைக்கு உள்ளே சட்டங்களை ஒட்டினேன். கவ்விகளைக் கழற்றிவிட்டுப் பலகையைத் தட்டிக் கேட்டேன், அருமையான நாதம். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் எல்லாச் சட்டமும் இடது கை வரிசை. உனக்கு என்று எடுத்தால் என் கை தானாக அந்தப் பக்கம்தான் போகிறது. உன் மாமா சிரித்தார், என்னிடம் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். சட்டங்களை எல்லாம் பெயர்த்து, இழைத்து, முதலிலிருந்து ஒட்டுகிறேன். அதனால் உன் கிட்டார் தாமதமாகும். அதுவரை பால பாடத்தைத் தட்டுத்தடுமாறி எதிலாவது வாசித்துக்கொண்டிரு, ஒன்றும் குறைந்துவிடாது. நாற்காலி போனதில் எனக்கும் வயிறு எரிகிறது. அந்தத் தலைவர் தற்காலிகமாக நாசமாய்ப் போகட்டும்.

இப்போது அந்த நர்ஸ். ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன், அப்படித்தான் எழுதியிருக்கிறாய். டீச்சர் நல்ல மனுஷி, கட்டிப்போடவில்லை, அடிக்கவில்லை, சிரித்த முகமாகத்தான் திருப்பி வைத்திருப்பார். இருந்தாலும் திருப்பினது திருப்பினதுதானே. பகலெல்லாம் ஊசி போட்டு, மருந்து கொடுத்து ஓய்ந்துபோய் வருகிறவள் ஆசையாக ஒன்றை மடியில் வைத்தால், அதையும் பிடுங்கித் திருப்ப வேண்டுமா. கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தாய். இந்த உலகத்தில் வேறு எவனுக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்.

உன் பழைய கிட்டாரைத் துடைத்து, நீ ராவிக் கெடுத்த காடி எலும்பை எடுத்துவிட்டுப் புது எலும்பு போட்டிருக்கிறேன். தந்திகளை இடது கைக்குத்தான் கட்டியிருக்கிறேன். உன் தட்டலில் வெளுத்த இரண்டு இடத்தையும் பாலிஷ் போட்டு மறைக்கலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். அதே பெட்டியில், அதே துணி சுற்றி, உனக்கே அனுப்பியிருக்கிறேன். அது உனக்கு இல்லை. நீயே எடுத்துக்கொண்டு போய் அவள் மடியில் வை. எந்தக் கையால் வைக்கிறாய் என்பது உன் இஷ்டம்.

டீச்சர் வந்து திருப்பினால், அவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நில். வெளியே போகச் சொல்வார். நீ நகராதே.

அக்கா